வளைவில் நிற்கும் சிவப்பு பஸ்

வேலம்பாளையம், திருப்பூர்
10.8.2008

என் தாயி அனுசுயாவுக்கு அம்மா ஒச்சாயி எழுதுவது. உயிரோடுதான் இருக்கிறேன், பயப்படாதே. போன் அடித்தால் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறேன் என்று கோபமாகக் கேட்டிருக்கிறாய்.

அது உன் அண்ணன் போன். வயிற்றுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் தவசி அதில் சிவப்பு பஸ் விளையாட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். ஆபரேசனுக்குக் கூட்டிப்போக வந்தார்கள். பஸ்ஸை மலை வளைவில் நிறுத்தி என் கையில் கொடுத்து, "அணைச்சிராதம்மா, வந்து மிச்சத்தை ஓட்டுறேன்" என்றான். வரவில்லை. பஸ் அப்படியே நிற்கிறது.

காரியம் முடிந்து சென்னைக்குப் போய் நீ முதல் தடவை கூப்பிட்டாயே, அப்போது பஸ் மறைந்து வேறு என்னமோ எழுத்து வந்தது. பயந்துபோய் எடுக்காமல் விட்டேன். மணி நின்றதும் பஸ் திரும்பி வந்துவிட்டது. எடுத்துப் பேசியிருந்தால் ஒரேயடியாகப் போயிருக்குமோ என்னவோ. அதனால் கூப்பிடாதே. எழுது.

கம்பெனியில் செக்கிங் வேலையை விட்டுவிட்டேன். போனை கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போகச் சொல்கிறார்கள். யாராவது அணைத்துவிட்டால்? வீட்டிலேயே உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறேன். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியவில்லை. வந்ததும் சார்ஜில் போட வேண்டும். கடைக்குப் போனாலும் பாதியில் ஓடி வருகிறேன். உசிலம்பட்டியில் உன் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை. வீட்டுக்கார ஜானகியம்மாள் கேலி பண்ணுகிறார்: "ஏனுங்க ஒச்சாயி, அது போனுங்களா, கைக்கொழந்தைங்களா? இடுப்ப விட்டு எறக்க மாட்டேங்கறீங்க!" அவர் மருமகள் வினிதா மட்டும்தான் சிரிக்கவில்லை.

நீ போன் விளையாட்டுக் கம்பெனியில்தானே இருக்கிறாய். இதை அழியாமல் எடுத்து வைக்க வழி இருக்கிறதா? நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா ஒச்சாயி


சென்னை
19.8.2008

அன்பு அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். இதை என்னிடம் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

நான் பார்க்கிற வேலையே அதுதானம்மா. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து மேசையிலிருந்து எனக்குப் போன் போடுவார்கள். விளையாட்டு பின்னால் போய் நிற்க வேண்டும். பேசி முடித்ததும் விட்ட இடத்திலேயே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அந்த விளையாட்டுக்குப் புரோகிராம் எழுதினவரிடம் திருப்பி அனுப்புவேன். அடிக்கடி வருகிற தப்பு ஒன்று உண்டு. விளையாட்டு நின்றுவிடும், உள்ளே இருக்கிற கடிகாரம் நிற்காது. திரும்பி வந்ததும், போன நேரமெல்லாம் ஒரேயடியாக மேலே விழும். பஸ் ஒரே பாய்ச்சலாகப் பள்ளத்துக்குப் போய்விடும்.

அண்ணனுடைய பஸ்ஸை எழுதினவர் கடிகாரத்தை நிறுத்தினாரா, எனக்குத் தெரியாது. அதை எடுத்து வைக்கவும் முடியாதம்மா. பேட்டரியில் உயிர் இருக்கும்வரைதான் அது. ஆட்டம் முடிந்ததும் ஒரு பேர் கேட்கும். அந்தப் பேரும் பாயிண்டும் மட்டும்தான் போனை அணைத்தாலும் அழியாது.

நீ போனை எடுத்துப் பேசினாலும் பஸ் போகாது, பின்னால் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். ஹாஸ்டலில் எல்லோரும் அம்மாவோடு பேசும்போது நான் துணி காயப்போடுகிற மாதிரி மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன். 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவேன். எடும்மா.

உன் அனுசுயா


வேலம்பாளையம்
31.8.2008

தாயி,

மணி அடித்தது. கையில்தான் வைத்திருந்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாய். எடுக்கவில்லை.

என்னைத் திட்டாதே. வந்து ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அம்மா


வேலம்பாளையம்
21.9.2008

என் தாயி அனுசுயாவுக்கு,

உன்னிடமிருந்து கடிதாசி இல்லை. தபால்காரர் சைக்கிள் எங்கள் லைன் வீடுகளைத் தாண்டித் தாண்டிப் போகிறது. போனும் அடிப்பதில்லை. கூப்பிடாதே என்று சொன்னவள் நான்தான். அடிக்காமல் கிடந்தால் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. போனவனை முன்னால் வைத்துக்கொண்டு, இருக்கிற பிள்ளையைப் பின்னால் நிறுத்திவிட்டேன்.

இன்று காலையில் வினிதாவைக் கூப்பிட்டு, "ஓட விடு தாயி" என்றேன். "நெசமாத்தானுங்களா, நெசமாத்தானுங்களா" என்று கேட்டுக்கொண்டே பட்டனை அமுக்கியது. நீ சொன்ன தப்பு அதில் இல்லை. எழுதின மகராசன் கடிகாரத்தை நிறுத்தித்தான் வைத்திருந்தான். தவசி இப்போதுதான் கையை எடுத்த மாதிரி பஸ் மெதுவாகக் கிளம்பியது. வாங்கி நான் ஓட்டினேன். எனக்கு எங்கே தெரியும்? அடுத்த வளைவிலேயே பள்ளத்தில் விட்டுவிட்டேன்.

போன நேரமெல்லாம் மேலே விழுந்தது எனக்குத்தான். ஆஸ்பத்திரியில் அழாததையும் சேர்த்து அழுதேன். ஜானகியம்மாள் கேலி பேசாமல் காப்பி போட்டுக் கொண்டுவந்தார்.

அப்புறம் போன் பேர் கேட்டது. "என்ன பேருங்க போடட்டும்?" என்றது வினிதா. தவசி என்றேன். எழுத்து எழுத்தாக அமுக்கியது. நானே அணைத்தேன். திரும்பப் போட்டுப் பார்த்து, "மொத வரியிலயே இருக்குதுங்க" என்றது. எனக்கு இங்கிலீஷ் தெரியாதே. எது அவன் பேர் என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நாளைக்குக் கம்பெனியில் போய் வேலை கேட்கப் போகிறேன். போனை கேட்டில் கொடுத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. கோபமாக இருந்தாலும் கூப்பிட்டுத் திட்டு. எடுப்பதற்குப் பச்சைப் பட்டனாம். நான் தடுமாறக் கூடாது என்று வினிதா அதன்மேல் நகப்பாலிஷில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறது.

அம்மா ஒச்சாயி