இவருடைய ஞாயிற்றுக்கிழமைகள்

5.3.1967, ஞாயிறு

இவர் விடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நொய்யலுக்குக் கிளம்பிவிட்டார். மேற்கே பாறைகளுக்கு நடுவில் ஒரு மடு இருக்கிறதாம், கோடையிலும் கழுத்தளவு தண்ணீர் நிற்குமாம். இனி மத்தியானச் சோற்றுக்குத்தான் தலை தெரியும். சாப்பிட்டு ஒரு தூக்கம். பிறகு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்து ரயில் பார்ப்பார். சாயங்காலம் முனிசிபல் பார்க்கில் ரேடியோ. அதற்கப்புறம் சினிமாக் கொட்டகை. மாதம் ஒரு தடவை வெளியூர்: அமராவதி அணை, பவானிசாகர், சிவன்மலை. எங்கே போனாலும் கூட லிங்கசாமி அண்ணன். இரண்டு பேரும் ஒரே பனியன் கம்பெனியில் மிஷின் பிட்டர்கள்.

இதில் ஒரு இடத்துக்காவது என்னைக் கூட்டிப்போனதில்லை. கேட்டால், "ஆறு நாள் மிஷின் சத்தத்துல காது அடைச்சுக் கெடக்குது. ஒரு நாளாச்சும் என்னைய உடு புள்ள" என்பார். மனுஷன் பாடுபடுகிறார் என்று நானும் விட்டேன்.

அப்பா தவறிப்போய் மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. அரிசி ஊறப்போட வேண்டும். வேறொன்றும் இல்லை.

8.3.1967, புதன்

எழுதினால்தான் மனசு அடங்கும்.

குழாயடியில் முத்தாத்தாளைப் பார்த்தேன், லிங்கசாமி அண்ணன் சம்சாரம். "எங்கூட்டுக்காரருக்கு இன்னும் அந்த இருமல் நிக்கிலீங்க்கா" என்றாள். "திருமூர்த்தி மலை அருவியில அவரும் உங்கூட்டு அண்ணனும் நாளெல்லாம் கெடந்தாங்கல்ல, அப்பப் புடிச்சது."

"எப்ப போனாங்க?" என்றேன்.

"பொங்கல் கழிச்சு அடுத்த ஞாயித்துக்கெழமைங்க."

குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மறக்குமா? பொங்கலுக்குப் பிறந்த ஊர் கணியூர் போயிருந்தபோது அப்பா கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். ஆயுசெல்லாம் தறியில் உட்கார்ந்து தெற்கே அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருக்கா அந்த அருவியில தலையக் குடுத்துட்டு வந்தாத் தேவலை கண்ணு. மாப்பிள்ளையக் கேட்டுப் பாரு" என்றார். அவர் வாழ்நாளில் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அண்ணன் தம்பி இல்லாத வீடு. நான் இவரைக் கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன். "மிஷின் ஓவராலிங் புள்ள, மொதலாளி உடமாட்டாரு" என்றார். நம்பினேன். அன்றைக்கு நனைந்த துண்டோடு வந்தார். கம்பெனித் தொட்டியில் குளித்தேன் என்றார். அந்தத் துண்டை நான்தான் துவைத்துக் காயப்போட்டேன்.

மறு வாரம் அப்பா கண்ணை மூடிவிட்டார்.

அதே மலை! அதே அருவி! உடுமலை வழியாகத்தானே போயிருக்க வேண்டும்? அங்கிருந்து கணியூர் எவ்வளவு தூரம்? அய்யோ, என்ன மனுஷன் இவர்? சாவுக்கு வந்து எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாரே!

12.3.1967, ஞாயிறு

நான் இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தோசை போதும் என்றார். நாலு போட்டேன். நன்றாகச் சாப்பிடட்டும்.

13.3.1967, திங்கள்

ஏன் கேட்கவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். கேட்டால் சண்டை வரும். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், மூன்றாம் நாள் பூ வாங்கி வருவார், முடிந்தது. அவ்வளவு மலிவாக இதை முடிக்க மாட்டேன். அப்பாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லை என்றாரல்லவா? இவருக்கும் ஒன்றுகூட இருக்கக் கூடாது. எங்கெல்லாம் போய் மனசு குளிர்ந்து வருகிறாரோ அங்கெல்லாம் நான் போய் நிற்பேன்.

19.3.1967, ஞாயிறு

முதலில் மடு.

தெருவில் பெண்களைத் திரட்டினேன். "மேக்கால மடுவுல தண்ணி கண்ணாடியாட்ட இருக்குதாமா, துணி பளிச்சுனு வருமாமா" என்று சொன்னால் போதாதா? போர்வை, ஜமுக்காளம், பழம்புடவை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஒரு கூட்டமே வந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இவரும் லிங்கசாமி அண்ணனும் இன்னும் ரெண்டு பேரும் கோவணத்தோடு பாறையில் மல்லாந்து கிடந்தார்கள். எங்களைக் கண்டதும் நாலு பேரும் தவளை மாதிரி தண்ணீருக்குள் குதித்தார்கள். துணியெல்லாம் எங்கள் பக்கத்துப் பாறையில். வெளியே வர வழியில்லை.

"நீங்க பாட்டுக்குக் குளிங்க, நாங்க ஓரமாத் தொவச்சுக்கறோமுங்க" என்றேன், ரொம்ப மரியாதையாக.

வெயில் ஏறும்வரை துவைத்தோம். கழுத்து மட்டும் வெளியே தெரிய நாலு தலையும் அங்கேயே நின்றன. கை விரலெல்லாம் சுருங்கிப்போய்த்தான் இவர் வீட்டுக்கு வந்தார். எனக்கு ராத்திரி நல்ல தூக்கம் வந்தது.

26.3.1967, ஞாயிறு

இன்றும் போனோம். மடுவில் ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை. இனி அது எங்களுடையது.

9.4.1967, ஞாயிறு

குழந்தை அமராவதியைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பெற்ற மகளுக்கு ரயில் காட்டக் கூடாதா என்ன? இவர் பெஞ்சில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குழந்தை பேப்பர்மேல் சாய்ந்து, "இது எந்த ஊரு ரயிலுப்பா? ஏம்ப்பா புகை கறுப்பா வருது?" என்று ஓயாமல் கேட்டாள். நான் பேசாமல் பொட்டுக்கடலை தின்றேன். இவர் நெளிந்தார், எழுந்தார், பார்க்குக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். ரேடியோவில் புது மந்திரிசபையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆம்பளைகளெல்லாம் புல்லில் உட்கார்ந்து விவாதம். நடுவில் நான் போய் உட்கார்ந்ததும் ஒவ்வொருத்தராக நகர்ந்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். மெயில் வந்து நிற்கும்போது பெஞ்சு அடியிலிருந்து அதிர்கிறது. உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. இதைத்தான் இத்தனை வருஷமாகத் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தாரா? அதை நினைக்க இன்னும் எரிகிறது.

23.4.1967, ஞாயிறு

இன்று கேட்டே விட்டார். "என்ன புள்ள, போற எடமெல்லாம் வந்து நிக்கற? மானம் போகுது."

"உங்களுக்கு நல்லாருக்கற எடம் எனக்கும் நல்லாருக்காதுங்களா?"

"ஏதாச்சும் கொறையா? சொல்லித் தொலையேன்."

"ஒண்ணுமில்லீங்க."

இந்த 'ங்க' எவ்வளவு வசதியான சொல். அதைச் சேர்த்துக்கொண்டால் யாரும் நம்மேல் குற்றம் சொல்ல முடியாது.

14.5.1967, ஞாயிறு

இனிமேல் கொட்டகை ஒன்றுதான் பாக்கி. ஆண்கள் பக்கம் தனி, பெண்கள் பக்கம் தனி, நடுவில் தட்டி. இருட்டில் என்னிடமிருந்து தப்பித்து உட்கார்ந்திருக்கிறார். யோசிக்க வேண்டும்.

11.6.1967, ஞாயிறு

செய்துவிட்டேன். நல்லதோ கெட்டதோ, செய்துவிட்டேன்.

சாயங்கால ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டகைக்குப் போனேன். டிக்கெட் கிழிக்கிறவரிடம், உள்ளே இருக்கும் ஆளைக் கூப்பிட சிலைடு போட வேண்டும் என்றேன்.

"சாவு, பிரசவம்னாத்தான் போடுவோமுங்கம்மா. படத்தை நிறுத்தோணுமல்ல?"

"சாவுதானுங்க."

"அடடா. யாருங்க?"

"எங்கப்பாருங்க."

பொய்யில்லையே. செத்தது உண்மைதானே. எப்போது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"யாரைக் கூப்புடோணும்?" என்றார். நான் பேசாமல் நின்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "ஊட்டுக்காரரா? பேரு சொல்லமாட்டீங்க. கூட யாரும் வர்லீங்களா? எழுதத் தெரிஞ்சா எழுதிக் குடுங்க" என்று பென்சிலை நீட்டினார். எனக்கு எழுதத் தெரியும். எட்டாவது வரை படித்தவள். ஆனால் வாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த வாயால் சொல்லாத பேர். பழனிக்குப் போனால் மலைமேல் நிற்கும் சாமியைக்கூட அந்தப் பேர் சொல்லிக் கும்பிட மாட்டேன், வெறுமனே 'அப்பனே' என்பேன். இன்று சொன்னேன்.

"தண்டாயுதபாணி."

சொன்னேன், ஒன்றும் ஆகவில்லை. நாக்கு அழுகிவிடவில்லை. "பனியன் கம்பெனி பிட்டர் தண்டாயுதபாணி. மாமனார் செத்துட்டார்னு போடுங்க."

டிக்கெட்காரர் பக்கத்துக் கதவுத் திரையை விலக்கி என்னை நிற்க வைத்தார். பாட்டு பாதியில் நின்றது. கண்ணாடியில் மை தடவிக் கீறிய எழுத்து, திரை முழுக்க ஆளுயரத்துக்குத் தெரிந்தது: பனியன் கம்பெனி தண்டாயுதபாணி உடனே வெளியே வரவும். மாமனார் காலமானார்.

கொட்டகை மொத்தமும் 'உச்' கொட்டியது. இவர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவந்தார், பின்னால் லிங்கசாமி அண்ணன். வெளியே வெளிச்சத்தில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அண்ணனுக்குத்தான் விளங்கவில்லை. "என்ன அம்மிணி? மாமன் தை மாசமே போயிட்டாரே?"

"ஆமாங்கண்ணா. எங்கப்பா உசுரோட கூப்புட்டப்ப இவருக்கு மிஷின் ஓவராலிங். வர முடியலீங்க. செத்துட்டாருன்னு படத்துல போட்டா ஓடியாறாரு பாருங்க. திருமூர்த்தி மலையில தண்ணி நல்லாக் கொட்டுச்சுங்களா அன்னைக்கு?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வெற்றிலைக் கடைக்காரன், ஜட்கா வண்டிக்காரன், முறுக்கு விற்கிற பெண் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. எழுதுவதற்கென்ன வெட்கம்? ரொம்பப் பிடித்திருந்தது.

13.6.1967, செவ்வாய்

கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டதாம். "என்னங்க பிட்டரே, மாமனார் சௌக்கியங்களா?" என்று கட்டிங் மாஸ்டர் கேட்டாராம். முத்தாத்தாள் வந்து சொன்னாள். "பாவமுங்க்கா" என்றாள். யார் பாவம்?

25.6.1967, ஞாயிறு

இவர் எங்கும் போகவில்லை. காலையிலிருந்து வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார். நான் மடுவுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தேன். அப்போதும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

2.7.1967, ஞாயிறு

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உடுமலை பஸ் ஸ்டாண்டுல எறங்குனப்ப மாமன் நெனப்பு வந்துச்சு. கணியூர் பஸ்ஸு எதுக்கவே நின்னுட்டு இருந்துச்சு. அங்க போனாப் பொழுது அங்கயே போயிருமேன்னு..."

நினைப்பே வரவில்லை என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. நினைப்பு வந்ததாம்! வந்தும் அருவிக்கே போனாராம்!

30.7.1967, ஞாயிறு

"ஆடி அமாவாசைக்கு அத்தையைக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போலாமா?" என்றார். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டாராம். அப்பாவுக்கு முதல் ஆடி அமாவாசை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? சரி என்றேன்.

6.8.1967, ஞாயிறு

நேற்று மலையிலிருந்து திரும்ப இருட்டிவிட்டது. இன்றுதான் எழுதுகிறேன்.

நல்ல கூட்டம். மாட்டு வண்டிகள் அடிவாரம் முழுக்க நின்றன. சித்தப்பா மகன் திதி கொடுத்தான். கோயிலில் கும்பிட்ட பிறகு அருவிக்கு ஏற வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம், நடக்க முடியாது. "நான் இங்கயே உக்காந்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க சாமி" என்றாள்.

இவர் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "ஏறுங்க அத்தை."

"அய்யோ மாப்பிள்ளை, நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?" அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். மாப்பிள்ளை முன்னால் உட்காரக்கூட மாட்டாள் அவள். இவர் கேட்கவில்லை. அவள் கைகளை இழுத்துத் தோளில் போட்டுத் தூக்கிவிட்டார். கல்லிலும் வேரிலும் நிதானமாகக் கால் வைத்து ஏறினார். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அம்மா முதலில் கூச்சத்தில் கண்ணை மூடியிருந்தாள். அப்புறம் சின்னப் பெண் மாதிரி சிரிக்க ஆரம்பித்தாள். அமராவதி முன்னால் ஓடினாள்.

மேலே பாறையில் அம்மாவை இறக்கிவிட்டு, என்னைப் பார்த்து, ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தார். "இதென்ன பெரிய ஏத்தம்? ஒரு பீடி குடிக்கற நேரம். ஒண்ணும் சிரமமில்ல."

ஒன்றும் சிரமமில்லையாம்.

"எங்கப்பாரு அம்மாவக் காட்டிலும் எளச்சுப் போயிருந்தாருங்க" என்றேன்.

அருவிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கேட்டுவிட்டது. அந்தச் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, எடுத்துவிட மறந்த மாதிரி. பிறகு ஒரு கல்லில் போய், தண்ணீருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் மூவரும் குளித்தோம். அம்மா அருவியில் தலையைக் கொடுத்து அப்பா பேரைச் சொல்லி அழுதாள். அவளும் இத்தனை வருஷம் அந்தப் பேரைச் சொன்னதில்லை. தண்ணீர் தலையில் இடித்து இறங்கியபோது மூச்சு முட்டியது. அப்பா ஏன் இதைக் கேட்டார் என்று தெரிந்தது.

இவர் நனையவே இல்லை. எந்த இடத்துக்காக எங்கப்பாவை விட்டாரோ அந்த இடத்தில், உலர்ந்த சட்டையோடு, கீழே வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா இரண்டு தடவை, "வாங்க மாப்பிள்ளை, ஒருக்காத் தலையக் காட்டுங்க" என்று கூப்பிட்டாள். தலையை ஆட்டிவிட்டார்.

"நீ கூப்புடு கண்ணு" என்றாள் அம்மா. "நீ கூப்புட்டா வருவாரு."

எனக்கும் அது தெரியும். நான் கூப்பிடவில்லை.