அத்தான், உங்கள் பேரன் இடது கையால் எறிகிறான்

அன்பு பாதி, ஆத்திரம் பாதியாக அத்தானுக்கு எழுதுவது.

நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்தவன் மகள் கோமதி கணக்கில் எம்.எஸ்சி. முதல் வகுப்பில் தேறிவிட்டாள். தென்காசியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். அவள் சேலை கட்டிக் குடை பிடித்துக்கொண்டு போனால் தெருவே ஒதுங்கி வழி விடுகிறது. அவள் தம்பிக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, "ஆச்சி, சாப்பிட்டியா?" என்று கேட்கிறான். நம் மகள் வயிற்றுப் பேத்தி மீனா பாட்டுப் போட்டியில் ஜில்லாவிலேயே முதலாவதாக வந்து ஒரு கோப்பை வாங்கினாள். அவள் அம்மா அதில் உப்புப் போட்டு வைத்திருக்கிறாள். அவளுக்கு அவ்வளவுதான் புத்தி, உங்கள் மகள்.

மிச்சம் இருப்பது சின்னவன் மகன். உங்கள் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறவன். அவன் விஷயமாகத்தான் எனக்கும் உங்களுக்கும் சண்டை.

பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு. அம்பாசமுத்திரத்தில் அவன் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டிரில் சார் சொல்லிக்கொடுக்கிறார். அதைக் கிரிக்கெட் மாதிரி என்று சொன்னால் உங்கள் பேரனுக்கு மூக்கு சிவந்துவிடும். ஒருத்தன் மண்மேட்டில் நின்று எறிகிறான். பந்து தரையில் குத்தக் கூடாது. எதிரே ஒருத்தன் உருட்டுக் கட்டையோடு நின்று அடிக்கிறான். நம் வீட்டுப் பிள்ளை மேட்டில் நிற்கிறவன்.

ஐந்தாவதோடு நின்றவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். முறத்தில் புளியங்கொட்டையைப் பரப்பி வைத்து ஒரு மத்தியானம் முழுக்க எனக்கு விளக்கினான். அடிக்கிறவன் வலதுகைக்காரன் என்றால் வலது கையால் எறிகிற பந்து அவனுக்குக் கஷ்டம். முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி வந்து, கிட்டே வரும்போது விலகிப் போய்விடுமாம். இடதுகைக்காரன் வந்து நின்றால் அதே பந்து அவன் கண்ணுக்கு நேரே வெள்ளையப்பம் மாதிரி தெரியுமாம். அவனை மடக்க இடது கையால் எறிகிறவன் வேண்டும். அதனால் இடத்துக்கு இடது, வலத்துக்கு வலது என்று ஆளை மாற்றி மாற்றி இறக்குவார்களாம். ஒரே ஆளுக்கு இரண்டு கையும் வந்தால்? அப்படி ஒருத்தன் லட்சத்தில் ஒருத்தன் என்று சார் சொன்னார்.

சார் வீட்டுக்கே வந்துவிட்டார், அத்தான். காப்பியைக்கூடத் தொடாமல் பேசினார்.

"ஆச்சி, ஒங்க பேரன் பந்து பொறுக்கிப் போடும்போது ஒருநாள் தெரியாம எடது கையில எறிஞ்சுட்டான். நான் ஆடிப் போயிட்டேன். வலது கையை விட எடது கை ரெண்டு மடங்கு வேகம். ஆனா மேட்டுல ஏத்தி எடது கையில எறிலேன்னா எறிய மாட்டேங்கான். போன வாரம் எதிர்க் கட்சியில மூணு எடதுகைக்காரப் பயலுவ. மூணு பேரும் சாத்து சாத்துன்னு சாத்திட்டானுவ. இவன் வலது கையிலயே எறிஞ்சுக்கிட்டு நிக்கான்."

"பயந்திருப்பான் சார்."

"பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிடிவாதம். யாருகிட்ட இருந்து வந்துதோ."

யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? "ரெண்டு கையையும் இப்படி யாரு ஆச்சி பழக்குனது?" என்று அவர் ஆசையாகக் கேட்டபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வயதில் அவன் சோற்றில் இடது கையை வைத்த அன்றைக்கே தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கையை முதுகோடு சேர்த்துக் கட்டினீர்களே. எந்தக் கையால் தின்றாலும் வயிற்றுக்குத்தானே போகிறது என்று நான் எத்தனை நாள் மல்லுக்கு நின்றேன். "நாளைக்குப் பந்தியில இவன் எடக்கையால அள்ளுனான்னா பக்கத்து இலைக்காரன் எந்திச்சுப் போயிருவான். அப்ப நீயா வந்து பதில் சொல்லுவ?" என்றீர்கள். சோற்றுக்கு ஒரு கட்டு, சிலேட்டுக்கு ஒரு கட்டு. இப்போது அந்தக் கட்டினால்தான் வலது கையும் தேறியது என்று சார் மெச்சுகிறார். நான் அழுததெல்லாம் வீண், பெருமை உங்களுக்கு. இதை நான் எங்கே போய்ச் சொல்லிக்கொள்ள?

சார் போகும்போது வாசலில் நின்று சொன்னதுதான் என்னை உட்கார விடவில்லை. பாளையங்கோட்டையில் தேர்வு ஆட்டம் வருகிறது. சென்னையிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, ஜில்லாவுக்கு இரண்டே எறிகாரர்களை எடுப்பார்கள். மாநில ஆட்டம் ஆடின சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும். அது இல்லாவிட்டால் இவன் மார்க்குக்கு எந்தக் கல்லூரியும் கதவைத் திறக்காது. கணக்கில் முப்பத்தெட்டு, அத்தான். கோமதிக்குத் தம்பி முறை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

அன்று மத்தியானம் அவனுக்குத் தயிர்ச் சோறு போட்டேன். வலது கையால் பிசைந்துகொண்டிருந்தான். இடது கை தொடைக்கு அடியில் கிடந்தது.

"கையை எதுக்குலே அமுக்கி வச்சிருக்க?"

"சும்மாதான்."

"எடது கையில எறிய மாட்டேங்கியாமே. சார் வந்து ஒப்பாரி வைக்காத குறை."

"வேண்டாம் ஆச்சி. தாத்தாவுக்குப் பிடிக்காது."

"தாத்தா போயி மூணு வருசம் ஆச்சு. துண்டை எடுத்துக்கிட்டு மைதானத்துக்கா வரப் போறாவ?"

சோறு குழம்பாகிற வரை பிசைந்தான். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"தாத்தாவுக்குக் கடைசியாப் பால் ஊத்தும்போது நான் எடது கையில கரண்டியப் பிடிச்சுட்டேன் ஆச்சி. பதட்டத்துல. தாத்தா மூஞ்சியத் திருப்பிட்டாவ. பாலு தலகாணியில போயிட்டு. எல்லார்கிட்டயும் குடிச்சாவ. எங்கிட்ட மட்டும் குடிக்காம போயிட்டாவ."

மூன்று வருஷமாக அந்தப் பிள்ளை இதை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கிறது. நான் அவனுக்குத் தினமும் சோறு போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன். உங்கள் மேல் வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன். தெருவில் போகிறவனை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தி ஊர்க்கதை பேசுகிற மனுஷன், அன்றைக்கு அவனைப் பார்த்து ஒரு தலையசைப்புக் கூடவா இல்லாமல் போவீர்கள்?

கோபம் கொஞ்சம் தணிந்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குச் சுவரோரம் உங்கள் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். அவன் கரண்டியோடு குனிந்த அதே நேரம் "அத்தான்" என்று கூப்பிட்டேன். சத்தமாகக்கூட இல்லை. நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். கண்ணைத் திறந்து பார்த்தீர்கள். அவ்வளவுதான்.

அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. பிள்ளைகளிடம் சொல்லவில்லை, என் கூடப்பிறந்தவளிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கென்று நீங்கள் விட்டுப் போனது அது ஒன்றுதான் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அதுதான் இந்தப் பிள்ளையின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று நான் கண்டேனா?

சொல்லிவிட்டேன், அத்தான்.

"தாத்தா ஒன் கையைப் பாக்கவே இல்லலே. நான் கூப்பிட்டேன். எம்பக்கம் திரும்பினாவ."

"சமாதானத்துக்குச் சொல்லாத ஆச்சி."

"எய்யா, நாப்பத்தோரு வருசத்துல நான் கூப்பிட்டு ஒரு தடவையில திரும்பினவுகளா ஒந்தாத்தா? பேப்பரை மடிச்சு, கண்ணாடியக் கழத்தி, 'என்னட்டி'ன்னு கேக்கதுக்குள்ள அடுப்புல கொழம்பு வத்திப் போகும். அந்த ஒருநாள்தான் ஒடனே திரும்பினாவ. அதையும் நீ ஒனக்குன்னு எடுத்துக்கிட்டா எப்படில?"

சிரித்துவிட்டான். சோறு புரையேறியது. தலையில் தட்டினேன். தண்ணீர் குடித்துவிட்டு, "உறுதியாத் தெரியுமா?" என்றான்.

"அவ்வோ மனசுல என்ன இருந்துதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் கூப்பிட்டது தெரியும். திரும்பினது தெரியும். அதுக்கு மேல வேணும்னா நேர்ல போயித்தான் கேக்கணும். நான் இப்ப போறதா இல்ல."

தேர்வு ஆட்டத்துக்கு நானும் சின்ன மருமகளும் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். எறிகிற கை மாறினால் கையுறையும் கை மாற வேண்டும். அதற்காகச் சார் பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிற அண்ணாச்சியிடம் கொடுத்து, இரண்டு பக்கமும் கட்டைவிரல் வைத்த உறை ஒன்று தைத்து வாங்கியிருந்தார். "யாருக்கு வே ஆறு வெரலு?" என்று அந்த அண்ணாச்சி கேட்டாராம்.

மைதானத்தில் எல்லோரும் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். நான் ஒருநாளும் வாயால் சொல்லாத பெயர். அதோடு ஒரு 'ஏலே' வேறு. "ஏலே, பைய எறிலே" என்று ஒருத்தன் உங்கள் பெயரைச் சொல்லி அதட்டினான். கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

முதலில் வந்தவன் ஒரு நெட்டைப் பையன். இடது பக்கம் நின்றான். நம் பிள்ளை உறையை வலது கைக்கு மாற்றினான். சார் எழுந்து நின்றுவிட்டார். ஆனால் அந்த நெட்டையனுக்கும் இரண்டு பக்கமும் அடிக்க வருமாம். அவன் வலது பக்கம் போனான். இவன் கையை மாற்றினான். அவன் திரும்ப இடது பக்கம் வந்தான். இவன் மறுபடியும் மாற்றினான். நாலு தடவை இப்படி. எனக்குத் தலை சுற்றியது.

நடுவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார். "வெளையாட வந்தீங்களாலே, இல்ல சப்பரம் சுத்த வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே ஒரு சட்டம் போட்டார். எறிகிறவன் முதலில் கையைச் சொல்ல வேண்டும். அடிக்கிறவன் பிறகு பக்கம் எடுக்கலாம். அப்புறம் இரண்டு பேரும் மாறக் கூடாது.

அப்படியென்றால் இவன் எந்தக் கையைச் சொன்னாலும் அவன் தோதான பக்கம் போய் நின்றுவிடுவான். புளியங்கொட்டைப் பாடம் படித்த எனக்கே அது புரிந்தது. தந்திரத்துக்கு அங்கே வேலை இல்லை. இவன் கொஞ்ச நேரம் உறையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இடது கையைத் தூக்கிக் காட்டினான்.

முதல் பந்தையே அந்த நெட்டையன் வேலிக்கு அப்பால் அடித்தான். சார் தலையில் கையை வைத்துக்கொண்டார். மருமகள் சாதத்தை மூடி வைத்துவிட்டாள். நம் பிள்ளையோ தோளைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் இடது கையைத் தூக்கினான். அடுத்து வந்த மூன்று பேரும் இடதுகைக்காரர்கள். அவர்களுக்கு மாறி நிற்கத் தெரியாது. மூன்று பேர் கட்டையும் காற்றைத்தான் அடித்தது.

எடுத்த இரண்டு பேரில் இவன் இரண்டாவது. முதலாவது இல்லை. இருக்கட்டும். இப்போது சென்னையில் பயிற்சி முகாமில் இருக்கிறான். சாப்பாடு சரியில்லை என்று சொல்லியனுப்பினான். எந்தக் கையால் சாப்பிடுகிறான் என்று நான் கேட்கவில்லை.

அவன் கையை வெறுத்துத் திரும்பினீர்களா, நான் கூப்பிட்டுத் திரும்பினீர்களா என்று இனிமேல் நானும் கேட்கப் போவதில்லை. என் பக்கம்தான் என்று சொல்லியாகிவிட்டது. நீங்கள் அங்கிருந்துகொண்டு வேறு மாதிரி சொன்னாலும் நான் மாற்றப் போவதில்லை.

அவனுக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறேன். எய்யா, சட்டைக் காலர் வரைக்கும் எடுக்கிற சின்னப் படம் வேண்டாம், மேட்டில் நின்று இடது கையால் எறிகிற மாதிரி முழுசாக ஒரு புதுப் போட்டோ எடுத்து உடனே தபாலில் அனுப்பு என்று. வந்ததும் கண்ணாடிச் சட்டம் போட்டு உங்கள் படத்துக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டுவேன். இது சத்தியம். நன்றாகப் பாருங்கள், அத்தான். இந்தத் தடவை நான் குறுக்கே கூப்பிட மாட்டேன்.

உங்கள் மாமன் மகள்,
பகவதி
கல்லிடைக்குறிச்சி