நாற்பத்தொரு பிடித்தம்

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமா இருக்கணும். நான் இருக்கேன், சர்க்கரை ஏறுது இறங்குது, அது பாட்டுக்கு அது, என் பாட்டுக்கு நான். உறை மேல என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுப் போடாம பிரிச்சியே, அதுவே பெரிசு. போன்ல சொல்லியிருக்கலாம்தான், ஆனா போன்னா நான் ரெண்டாவது வார்த்தையிலேயே சத்தம் போடுவேன், நீ வெச்சுடுவே, ஆறு வருஷமா அதுதானே நடக்குது. மேல் வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டாங்க. ஃபாக்டரியில இன்னும் வாரத்துக்கு ரெண்டு நாள் கூப்பிடறாங்க, புதுசா வந்த தையல் மெஷினெல்லாம் கம்ப்யூட்டர் மாதிரி இருக்கு, இருந்தாலும் நூல் அறுந்தா கிழவனைத்தான் தேடறாங்க. குழந்தைக்கு இருமல்னு மாப்பிள்ளை சொன்னார், சும்மா சும்மா மருந்து குடுக்காதே, உனக்குத் தெரியாததா, மருந்துக்கடையில வேலை பார்த்தவ நீ.

விஷயத்துக்கு வர்றேன். வாசல்ல செருப்பு வைக்கிற அலமாரி இருக்கே, அதோட கீழ் டிராயர் போன வருஷம், அம்மா தவறின ரெண்டாவது மாசம், திறக்கவே வரலை. இழுத்த இழுப்புல கையோட வந்துடுச்சு. உள்ளே பூரா பேங்க் உறை, ஒண்ணுகூடப் பிரிக்கலை. திணிச்சது வேற யாரும் இல்லை, நான்தான். பேங்க்லேர்ந்து கடுதாசி வந்தாலே பிரிக்க எனக்குப் பயம்னு உனக்குத் தெரியும், தபால்காரர் குடுப்பார், நான் நேரா அங்கே தள்ளிட்டு அம்மாகிட்ட ஒண்ணும் வரலைன்னு சொல்லுவேன். தரையில உட்கார்ந்து ஒவ்வொண்ணா பிரிச்சேன். அம்மா பேர்ல இருந்த கணக்கு, அம்மாவோட முட்டி ஆபரேஷனுக்குன்னு மாசாமாசம் பத்தாம் தேதி உன் சம்பளத்துலேர்ந்து நீ போட்ட பணம், பன்னெண்டாம் தேதி தவணையா சேமிப்புக்குப் போகும், அப்படித்தானே நாம ஏற்பாடு பண்ணினோம்? ஆரம்பிச்ச மாசமே தவணைத் தேதியை எட்டுக்கு மாத்தறோம்னு பேங்க் ஒரு கடுதாசி போட்டிருக்கான். அது டிராயர்ல தூங்குது. எட்டாம் தேதி கணக்குல பணம் இல்லைன்னு ஒரு அபராதம், ஒன்பதாம் தேதி திரும்பக் கேட்டுட்டு ஒண்ணு, பத்தாம் தேதி காலையில இன்னொண்ணு. அதே ஒரு தவணைக்கு மூணு தடவை! சாயங்காலம் நீ போடற பணத்தை அபராதத்துக்குன்னு எடுத்துக்கிட்டான், மிச்சத்தைக் கணக்கு குறைஞ்சதுக்கு வட்டின்னு எடுத்துக்கிட்டான். முதல் மாசம் மட்டும் ரெண்டு அபராதம், மத்த மாசமெல்லாம் மூணு, வட்டியை விட்டுட்டே பதினாலு மாசத்துல நாற்பத்தொரு பிடித்தம். நீ எடுத்ததுன்னு ஒரு வரிகூட இல்லை, அம்மாடி. நாலு தடவை தேடினேன். ஒரு வரிகூட இல்லை.

ஆஸ்பத்திரியில முன்பணம் கட்டப் போய் சேமிப்புல ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்ச அன்னிக்கு நான் உன்னை என்னென்ன கேட்டேன்னு உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கணக்கோட கார்டு உன் கையிலதானே இருந்ததுன்னேன். பெத்தவளோட காலை வித்துத் தின்னுட்டியேன்னேன். நீ, நான் எடுக்கலைப்பான்னு ஒரே ஒரு தடவை சொன்னே, கார்டை மேசை மேல வெச்சே, அவ்வளவுதான். அம்மா கடைசி வரைக்கும் சுவரைப் பிடிச்சுத்தான் நடந்தா. அவ காரியத்துக்கு வந்தப்போகூட நீ ஒரு வாய் தண்ணி குடிக்காமப் போனே. அழுத்தக்காரின்னு அன்னிக்கும் உன்னைத்தான் திட்டினேன். மெஷின் நின்னா பத்து நிமிஷத்துல கோளாறைக் கண்டுபிடிக்கிற கை இது, வீட்டுக்குள்ள இருந்ததைக் கண்டுபிடிக்க இத்தனை வருஷம்.

அந்த ஆத்திரத்துல பேங்குக்கு எழுத ஆரம்பிச்சேன். முக்கு ஜெராக்ஸ் கடையில ஒரு அம்மா டைப் பண்ணித் தருவாங்க, என் முதல் கடுதாசியைப் படிச்சுட்டு, சார் சாபத்தையெல்லாம் எடுத்துடுங்க, தேதியும் தொகையும் போதும், திட்டுக்குத் தனி ரேட்டு ஆகும்னு சிரிச்சாங்க. நாற்பத்தொண்ணையும் வரிசையா பட்டியல் போட்டோம். விதிமுறைப்படிதான் பிடிச்சோம்னு ரெண்டு வரியில பதில் வந்தது. மறுபடி எழுதினேன், அதே ரெண்டு வரி. மூணாவதுல பதினாலு நாள் கெடு வெச்சோம். கடைசியில நல்லெண்ண அடிப்படையில பாதி தர்றோம்னான், யாருக்கு வேணும் அவன் நல்லெண்ணம்? சின்னத் தொகை வழக்கு கோர்ட்ல நானே ஃபாரம் எழுதிப் போட்டேன், வக்கீல் கிடையாது.

கோர்ட்டுன்னா பெரிசா நினைச்சுக்காதே, ஆபீஸ் மாதிரி ஒரு அறை, ஒரு மேசை, நாலு நாற்காலி. உள்ளே கூப்பிடறதுக்கு முன்னாடியே பேங்க் வக்கீல், உன் வயசுதான் இருக்கும், வராந்தாவுல என்கிட்ட வந்து, முழுத் தொகையும் வட்டியும் தந்துடறோம், கேஸை வாபஸ் வாங்கிடுங்க ஐயான்னார். நான் மாட்டேன்னேன். என் மகள் ஒண்ணும் எடுக்கலைன்னு பேங்க் எழுதித் தரணும்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே ஜட்ஜம்மாகிட்டயும் அதையேதான் சொன்னேன், நல்லாவே சத்தமா சொன்னேன். அந்தம்மா கோபப்படலை. பட்டியலைக் கடைசி வரைக்கும் படிச்சாங்க, அப்புறம் கண்ணாடியைக் கழட்டிட்டு, ஐயா, பணத்தை நான் வாங்கித் தரேன், ஆனா பேங்க் உங்க மகளைத் திருடின்னு எங்கேயும் சொல்லலையே, அதைச் சொன்னது யாருன்னு கேட்டாங்க. நின்னுக்கிட்டு இருந்தவன் நாற்காலியில உட்கார்ந்துட்டேன். வக்கீல் பையன் தண்ணி கொண்டுவந்து குடுத்தான். பணத்தைத் திருப்பணும்னு தீர்ப்பு எழுதினாங்க, வாங்கிக்கிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

பணம் முழுசா வந்துடுச்சு, அது உன் உழைப்பு, உன் பேருக்கு அனுப்பறேன். வேண்டாம்னு சொல்லாதே. அதை வெச்சு இப்போ எந்த முட்டியையும் சரி பண்ண முடியாதுன்னு எனக்கும் தெரியும். பதில் போட வேண்டாம்னு பெருந்தன்மையா எழுதலாம்னு பார்த்தேன், அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை. திட்டியாவது நாலு வரி எழுது. இனிமே எந்தக் கடுதாசி வந்தாலும் வாசல்லயே நின்னு பிரிச்சுப் படிச்சுடுவேன்.

நீ நல்லா இருக்கணும், உன் வீட்டுல சத்தம் போட்டுப் பேசற ஆள் யாரும் இருக்கக் கூடாது, குழந்தை உன்னை மாதிரியே வளரணும். இந்தக் கடுதாசியைப் பத்திரமா வெச்சுக்கோ, மாப்பிள்ளைகிட்டக் காட்டு, குழந்தை பெரியவளானதும் அவளுக்கும் காட்டு. நீ எடுக்கலை, கண்ணு. உங்கம்மா அதை அன்னிக்கே சொன்னா, வாயை மூடுன்னு அவளை அடக்கினவன் நான்.

இப்படிக்கு,
உன் அப்பா