கூட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றவன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை நகர மாட்டேன் என்கிறது. ஆறு வாரமாக அந்த ஒரு வரியைத்தான் போனில் உன்னிடம் ஓட்டிக்கொண்டிருந்தேன். பதறாதே. உன் அம்மா இந்த நிமிஷம் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எனக்குக் கேட்கட்டும் என்றே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறாள், அதனால் மீதியை நிதானமாகப் படி.

ஹாலில் பியூஸ் போன பல்பை நாளைக்கு மாற்றுகிறேன், நாளைக்கு மாற்றுகிறேன் என்று பத்து நாள் தவணை சொன்னேன். பொறுத்துப் பார்த்து அவளே ஸ்டூலில் ஏறிவிட்டாள். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நீ புது வேலையில் சேர்ந்து மாதம்கூட ஆகவில்லை, தெரிந்தால் போட்டது போட்டபடி விமானம் ஏறிவிடுவாய் என்றாள். நீ வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் சிக்னல் இல்லை என்று நான் அளந்தது முழுக்கப் புளுகு. உன் கோபம் எவ்வளவோ அவ்வளவையும் என் பேருக்கே அனுப்பு, அவளுக்குப் பங்கு வேண்டாம்.

எலும்பு கூடிவிடும், ஆனால் தினமும் காலை ஊன்றி நடக்காவிட்டால் கடைசிவரை படுக்கைதான் என்று டாக்டர் பச்சையாகச் சொல்லிவிட்டார். இவளோ வீட்டுக்கு வந்ததும் பயந்துபோய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லீவு சொல்லிவிட்டு வரலாம் என்று ஆபீசுக்குப் போனேன். எங்கள் காடு காக்கும் சங்கத்தின் ஆபீஸ் உனக்குத் தெரியுமே, டயர் கடை மாடியில் இரண்டு அறை, மேலே காடு, கீழே ரப்பர். அங்கே ஒன்பது வருஷமாக ஜீப் ஓட்டுகிறேன், எட்டாம் வகுப்புப் படிப்புக்கு இதுவே அதிகம். விஷயத்தைக் கேட்டதும் தலைவி அம்மா எழுந்து நின்று, "ஒரு கழுகுக் குடும்பத்துக்கு நாலு மாசம் ஷிப்ட் போட்டு உக்காந்தோம், உங்க வீட்டம்மாவுக்கு உக்கார மாட்டோமாண்ணே?" என்றார். கழுகுக் குஞ்சு பறந்து போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, எல்லோரும் கை சும்மா இருந்தார்கள். அன்று சாயங்காலமே பட்டியல் தயார். இரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஆள். பறவை டாக்டர், நாற்றங்கால் பார்க்கிறவர், தலைவி அம்மா, நடுவில் நான். பறவை டாக்டர் என்றால் பறவைகளை ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கிய பெண், ஆனாலும் அக்கம்பக்கத்தார் கோழிக்குச் சளி என்று தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள்.

கழுகுக் கூட்டைக் கண்காணிக்க வைத்திருந்த அதே அச்சடித்த தாள்களைத்தான் உன் அம்மா கட்டிலுக்குப் பக்கத்திலும் தொங்கவிட்டார்கள். என்ன நேரம், என்ன செய்தது, என்ன தின்றது, யார் பக்கத்தில் வந்தார்கள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அவர்களுக்கு ஒரே சட்டம், கண்டதை எழுதணும், நினைத்ததை எழுதக் கூடாது. "என்னைக் கழுகாக்கிட்டீங்களே" என்று அம்மா முதல் நாள் முறைத்தாள். நாற்றங்கால்காரர் செடியிடம் தவிர வேறு யாரிடமும் பேசாத மனுஷன், அவர் தாளில் "4.10, முறைத்தார்" என்று எழுதி வைத்தார். அதைப் படித்துத்தான் விழுந்த பிறகு முதல் தடவையாக அவள் சிரித்தாள் கண்ணு.

நான் என் ஷிப்டில் தினமும் "நன்றாக இருக்கிறாள், தேறி வருகிறாள்" என்று எழுதினேன். பறவை டாக்டர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "இது பாத்ததா, நெனச்சதாண்ணே?" என்று கேட்டார். உன்னிடம் சொன்னதெல்லாமும் நினைத்ததுதானே. மூன்று வாரத் தாளையும் ஹால் தரையில் பரப்பி, முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார் அந்தப் பெண். மற்றவர்கள் ஷிப்டில் எல்லாம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார், காலைத் தொங்கவிட்டார், வாக்கரைப் பிடித்து நின்றார் என்று இருக்கிறது. என் ஷிப்டில் மட்டும் தண்ணீர் கொடுத்தேன், போர்வை இழுத்துவிட்டேன், ஊட்டிவிட்டேன், அசையாதே என்றேன். ஒரு நாள்கூட அவள் கால் தரையில் படவில்லை. ஆள் ரொம்பப் பக்கத்தில் நின்றால் பறவை கூட்டை விட்டு எழுந்திருக்காது, கழுகு மரத்துக்கே இருநூறு அடி தள்ளித்தானே உட்காருவோம் என்றார். அதாவது, உன் அம்மாவைப் படுக்கையில் கட்டிப்போட்டிருந்த கயிறு உன் அப்பன்தான். பாசத்தில் செய்தேன் என்றேன். "தெரியும்ணே, அதனாலதான் திட்டல" என்று சொல்லிவிட்டு, என்னைப் பட்டியலிலிருந்து எடுத்து, வீட்டுக்கு எதிரே ஜீப்பில் உட்காரச் சொல்லிவிட்டார். கையில் பைனாகுலர், மடியில் தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் என்ன அண்ணாச்சி, சொந்த வீட்டையே வேவு பார்க்கிறீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நேற்று உள்ளே அவளைத் தவிர யாருமே இல்லாத நேரம். மூன்றே முக்காலுக்கு ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குப் போனது. நின்றது. மறுபடி நகர்ந்தது. எனக்குக் கதவைத் திறந்து ஓட வேண்டும் போலிருந்தது, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஜன்னலைத் திறந்து, "ஏங்க, வெயில்ல வெந்து சாகாதீங்க, உள்ள வந்து காபி குடிங்க, நான்தான் போட்டேன்" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "3.45, நடந்தாள்" என்று தாளில் எழுதினேன், பறவை டாக்டர் அதை அடிக்கவில்லை.

இந்த மனுஷர்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன். சொந்தக்காரர்கள் ஆப்பிள் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், இவர்கள் இரண்டு இரண்டு மணி நேரமாகத் தங்கள் நாளையே பிய்த்துக் கொடுத்தார்கள். நீ படித்தவள், அவர்களுக்கு நல்லபடியாக நாலு வரி எழுதிப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சண்டை போட்டால் அன்றைக்கே முடித்துவிடு. அங்கே பல்பு போனால் அன்றைக்கே மாற்றச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நூறு வயசு குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. போனை இப்போது ஹால் அலமாரியில்தான் வைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எடுக்கவில்லை என்று வைத்துவிடாதே, அடித்துக்கொண்டே இருக்கட்டும், நின்றால் மறுபடி கூப்பிடு. நான் பக்கத்திலேயே இருந்தாலும் எடுக்க மாட்டேன். அவள் வந்துகொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
இருநூறு அடி தள்ளியிருந்து ஆசீர்வதிக்கும்
அப்பா