உனக்காகப் பார்த்துவைத்த கம்பிச் சறுக்கு

எனக்கு முந்திப் பிறந்து, எல்லாவற்றிலும் முந்திக்கொண்ட என் ருக்கு அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க முடியாது. நாங்கள் நலம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். மைசூரில் மண்டி மொஹல்லா வீடு அப்படியேதான் இருக்கிறது. உன் பீரோவில் என் சேலைகளை அடுக்கியிருக்கிறேன். உன் குக்கரில்தான் சமைக்கிறேன், அது என் கைக்கு இன்னும் ஒழுங்காக விசில் அடிப்பதில்லை. காய்காரம்மா என்னை ருக்கம்மாவின் தங்கை என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கென்று ஒரு பெயர் இருப்பது இந்தத் தெருவில் யாருக்காவது தெரியுமா?

நீ போய் வருஷம் திரும்பியதும் அப்பாவும் அம்மாவும் ஹனூரிலிருந்து வந்து உட்கார்ந்தார்கள். உன் பாப்பாவை வேறு ஒருத்தி கையில் கொடுக்க மனசில்லை என்று சொல்லி, என்னை மாமாவுக்குக் கட்டிவைத்தார்கள். அக்கா வாழ்ந்த வீட்டுக்குத் தங்கச்சி வாழ வருவது நம் பக்கம் புதிதா என்ன? எல்லாருக்கும் நிம்மதி. மாமாவை நான் முன்பும் மாமா என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் மாமாதான். மாறிப்போனது பாப்பா மட்டும்தான்.

முன்பெல்லாம் நான் பஸ் இறங்கி வந்தால் ‘சித்தி’ என்று தெருமுனை வரைக்கும் ஓடிவருவாள். தாலி ஏறிய நாளிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். அம்மா என்று கூப்பிடச் சொல்லி யார் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள், அதுவும் அவள் வாயில் வரவில்லை. என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை அக்கா. தண்ணீர் வேண்டுமென்றால் என் எதிரே வந்து நிற்பாள். நான் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் ‘தண்ணி’ என்பாள். இந்த வயதில் இவ்வளவு வைராக்கியம். உன் பிள்ளைதானே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து என் வலது முட்டி பிசகிவிட்டது. சமதரையில் நடந்துவிடுவேன், படி ஏறினால் உயிர் போகிறது. மே மாத லீவுக்கு எங்கேயாவது உயரமான இடத்துக்குப் போகணும், எல்லாம் கீழே சின்னதாகத் தெரியணும் என்று பாப்பா மாமாவிடம் கேட்டாள். என் கால் மாமாவுக்குத் தானாக ஞாபகம் வருகிறதா பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

உன்னை அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாதா? உனக்கு இதயத்தில் வால்வு சரியில்லை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அதனால் சாமுண்டி மலைக்கு எப்போது போனாலும் வண்டியில்தான் போவோம். ஒரு தடவையாவது படியேறிப் போகலாம் என்று லீவுக்கு வரும்போதெல்லாம் நான் கெஞ்சுவேன். ருக்குவை விட்டுவிட்டா என்பார். எந்த ஊருக்குக் கிளம்பினாலும் ஏறணுமா, எவ்வளவு நடக்கணும் என்றுதான் முதலில் விசாரிப்பார். ஒரு ஆண்பிள்ளை பெண்டாட்டிக்காக இப்படி விசாரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு அப்போதே வயிறு எரியும்.

ஒருநாள் மத்தியானம் மாமா சாப்பிட வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். நம் கடையில் கயிறும் தார்ப்பாயும் வாங்குகிற மலையேறும் பையன்கள், குடகு போகிற வழியில் ஒரு எஸ்டேட்டில் ஏரிக்குக் குறுக்கே இரும்புக் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறார்களாம். இந்தக் கரையில் மேடு, அந்தக் கரை தாழ்வு. இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, கம்பியில் ஓடுகிற கப்பியில் மாட்டிவிட்டால் ஆள் தொங்கிக்கொண்டே ஏரியைத் தாண்டிவிடலாம். அவர் எஸ்.டி.டி. பூத்தில் நின்று எஸ்டேட்டுக்குப் பேசி எல்லாம் விசாரித்துவிட்டார். மேட்டு உச்சி வரைக்கும் ஜீப் போகுமாம், இறங்குகிற இடத்திலும் ஜீப் நிற்குமாம். ஏறவும் வேண்டாம், நடக்கவும் வேண்டாம், உன் காலுக்கு இதுதான் சரி என்றார்.

அக்கா, எனக்கு மனசு எப்படிப் பூரித்துப்போனது தெரியுமா? ரசம் ஊற்ற வேண்டிய சோற்றில் மோரை ஊற்றிவிட்டேன். அவர் அதைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

“ருக்குவுக்குன்னு பாத்து வெச்ச எடம். பசங்க அப்பவே சொன்னாங்க. ஏறாம எறங்கலாம், மூச்சு வாங்காதுன்னு நெனச்சேன். டாக்டர்தான் ஒத்துக்கல” என்றார்.

முடிந்தது. எனக்கென்று வந்த ஒரே ஒரு அக்கறையும் உனக்கு எடுத்துவைத்து மிஞ்சியதுதானா? வேறு இடம் பாருங்கள், மலையே ஏறித் தொலைக்கிறேன், கால் போனால் போகட்டும் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பாப்பா அதற்குள் குதிக்க ஆரம்பித்திருந்தாள்.

போனோம். சொன்னபடியே ஜீப் உச்சி வரைக்கும் போனது. அங்கே நான் நடந்தது நம் வாசலிலிருந்து தெருக்குழாய்க்குப் போகிற தூரம்கூட இருக்காது. பெல்ட் கட்டுகிற பையனிடம் மாமா, அந்தப் பக்கம் காலை ஊன்றி நிற்க வேண்டியிருக்குமா, பிடித்துக்கொள்ள ஆள் உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்காகத்தான் கேட்டார். உனக்கென்றால் இன்னும் கேட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. இந்த மனசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பாப்பாவுக்கு எடை போதாது, தனியாக விட்டால் பாதி வழியில் நின்றுவிடுவாள், அம்மாவோடு சேர்த்துக் கட்டுகிறேன் என்று அந்தப் பையன் கன்னடத்தில் சொன்னான். இவங்க அம்மா இல்லை என்று பாப்பாவும் கன்னடத்திலேயே சட்டென்று சொன்னாள். அப்பாவோடு போகிறேன் என்றாள். பையன் மாமாவின் தொந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இவர் பாரத்தோடு இன்னொருவரைச் சேர்த்து விட முடியாது என்றான். கயிறு விற்கிற மனுஷன், பாரம் என்று சொன்ன பிறகு மறுபேச்சு பேசவில்லை.

பாப்பா ஏரியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இவ்வளவு ஆசைப்பட்ட ஒன்றையே நான் கூட வருகிறேன் என்பதற்காக வேண்டாமென்று விட்டாளானால், இனி எந்தக் காலத்திலும் அவள் என்னிடம் வரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். வா என்று கூப்பிடவும் பயம். கொஞ்சநேரம் கழித்து அவளாக வந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். பையன் எங்களைச் சேர்த்துக் கட்டினான்.

கால் தரையை விட்டதுமே “அம்மா” என்று கத்தினாள். பயத்தில் எல்லாரும் கத்துகிற அம்மா இல்லை அது. உன்னைக் கூப்பிட்டாள் அக்கா. கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டாள், அடுப்படியில் இருப்பவளைக் கூடத்திலிருந்து கூப்பிடுவதுபோல. என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, என் இரண்டு கைக்குள் இருந்துகொண்டு, உன்னைக் கூப்பிடுகிறாள். நீ போன பிறகும் உன்னை ஜெயிக்க முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. அவள் விடுவதாக இல்லை, கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். யாருமே பதில் சொல்லாத அந்தக் கூப்பாட்டை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

“இருக்கேன் கண்ணு, இருக்கேன்” என்றேன்.

அக்கரையில் இரண்டு பையன்கள் எங்களைப் பிடித்து நிறுத்திக் கட்டை அவிழ்த்தார்கள். பாப்பா கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். மாமா இன்னும் அந்தப் பக்கத்து மேட்டில் பெல்ட்டை வயிற்றுக்கு மேல் ஏற்ற முடியாமல் மல்லாடிக்கொண்டிருந்தார்.

“நான் எங்க அம்மாவத்தான கூப்ட்டேன். நீங்க ஏன் இருக்கேன்னு சொன்னீங்க?” என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நீயாக இருந்தால் நல்லதாக ஏதாவது சொல்லியிருப்பாய். எனக்கு வந்தது இவ்வளவுதான்.

“அங்க வேற யாருமில்லையே கண்ணு.”

செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு யோசித்தாள். “இன்னொரு நாள் கூப்ட்டாலும் சொல்லுவீங்களா?”

சொல்லுவேன் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஜீப்புக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. முன்னால் ஓடவும் இல்லை, நான் விந்தி விந்தி நடக்கிற வேகத்துக்கு அவளும் நடந்தாள்.

அக்கா, பொறாமை தீர்ந்துவிட்டது என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். கூப்பிட்டால் வராத உன்னை அவள் கூப்பிடுகிறாள், பக்கத்தில் இருக்கிற என்னைக் கூப்பிடுவதில்லை. அதற்காக உன்னைத் திட்டுவேன், இன்னும் ரொம்ப நாளைக்குத் திட்டுவேன். ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். காய்ச்சலில் கிடந்தாலும் சரி, நாளைக்குப் பிள்ளை பெறுகிற வலியிலும் சரி, அவள் உன்னையே கூப்பிடட்டும், தடுக்கமாட்டேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் பதில் சொல்லுவேன். அதைக் கேட்க உன்னால் முடிந்தால், நீயும் கொஞ்சம் பொறாமைப்பட்டுக்கொள்.

உனக்குப் பின்னால் பிறந்த,
உன் தங்கச்சி தனம்