வாய்க்காலில் விட்ட பதினோரு நத்தைகள்

ஜூன் 9, செவ்வாய்

தைக்க வேண்டிய பள்ளிச் சீருடை இன்னும் பதினான்கு பாக்கி. காஜா எடுக்கிற பெண் இன்றும் வரவில்லை. காலையிலேயே தம்பி போன் செய்தான். நட்டுப் பத்து நாள்கூட ஆகாத வயலில் பாதி நாற்றைக் காணோமாம். "யாரோ கத்தரிக்கோல் வெச்சு வெட்டின மாதிரி இருக்குக்கா." தையல்காரி என்னையா சந்தேகப்படுகிறாய் என்று கேலி செய்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஜூன் 11, வியாழன்

வயலுக்குப் போனேன். நடுவில் மொட்டையாகக் கிடக்கிறது. தண்ணீருக்குள் பொன்னிற நத்தைகள், ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. வரப்போரம் நட்ட குச்சியில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து.

"என்ன அண்ணி இது? இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்ல" என்றாள் தம்பி மனைவி.

"தெரியலையே" என்றேன்.

தெரியும். என் மீன்தொட்டி மூடிக்கு அடியில் இதே முட்டையை எத்தனை முறை சுரண்டியிருக்கிறேன்!

ஜூன் 12, வெள்ளி

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். "ஆப்பிள் நத்தைம்மா, பாசியைச் சுத்தமா மேஞ்சிடும்" என்று மீன்கடைக்காரர் இரண்டு கொடுத்தார். பாசியை மேய்ந்தன, தொட்டிச் செடியையும் மேய்ந்தன, பெருகின. கொல்ல மனம் வரவில்லை. போன வருஷம் ஒரு மத்தியானம் பதினொன்றை டப்பாவில் எடுத்துப்போய் வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் விட்டேன். "எப்படியாவது பிழைச்சுக்கோங்க" என்று வாழ்த்து வேறு. நன்றாகவே பிழைத்திருக்கின்றன.

அந்த வாய்க்கால் தம்பி வயலுக்குத்தான் போகிறது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். நத்தைதானே, எவ்வளவு தூரம் போய்விடும் என்று நினைத்தேன்.

ஜூன் 15, திங்கள்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "யார் கண்டா? நீயா போய் வாயைக் கொடுத்து மாட்டிக்காத." பாவம், எனக்காகத்தான் சொல்கிறார். எனக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது.

ஜூன் 17, புதன்

இப்போது பழி மீன்குளக்காரர் மேல். வாய்க்காலுக்கு மேல்புறம் குளம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தானே. "அந்தாளுதான் எங்கேருந்தோ கொண்டாந்து வளர்த்திருக்கான்" என்று தம்பி ஊரெல்லாம் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் சங்கம் கூடி அவர் குளத்துக்குத் தண்ணீரை நிறுத்தப் போகிறதாம்.

ஜூன் 18, வியாழன்

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். இன்று ஊசி விரலில் இறங்கிவிட்டது.

ஜூன் 20, சனி

குளக்காரர் என் தையல்கடைக்கே வந்துவிட்டார். நான் நீட்டிய ஸ்டூலில் உட்காரவில்லை. "நான் அந்தப் பிராணியைக் கண்ணாலகூடக் கண்டதில்லம்மா. உங்க தம்பி நீங்க சொன்னாத்தான் கேப்பான். தண்ணி நின்னா மீன் ரெண்டு நாள் தாங்காது."

என்னிடம் வந்து கேட்கிறார். வேறு ஆளே கிடைக்கவில்லையா இவருக்கு? பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். என்னத்தைப் பேசுவேன்! பதினோரு நத்தைக்கு இரங்கினவளுக்கு இந்த மனுஷன் கண்ணுக்குத் தெரியவில்லையா?

ஜூன் 21, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சங்கத் தலைவர் "ஆட்சேபணை உண்டா?" என்றதும் எழுந்து நின்றேன். "அவர் இல்ல. நான்தான் விட்டேன்" என்றேன். யாரோ ஒருவர் சிரித்தார். குளத்துக்குத் தண்ணீரை நிறுத்தவில்லை.

தம்பி வாசலில் நின்றான். "அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தாளை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்க மாட்டேனேக்கா. என்னையும் சேர்த்துல்ல அசிங்கப்படுத்திட்ட." போய்விட்டான். பயிர் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருக்கலாமே, நாலு அறை விட்டிருக்கலாமே! ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஜூன் 24, புதன்

தொட்டியில் மிச்சம் இருந்த மூன்றையும் நானே நசுக்கினேன். அழுதேன். இதை அன்றைக்கே செய்திருக்க வேண்டும்.

ஜூன் 29, திங்கள்

தம்பி மறுபடி உழுது போட்டிருக்கிறான். குளக்காரர் தன் வாத்துகளை அந்த வயலில் ஓட்டிவிட்டாராம். தம்பி மன்னிப்புக் கேட்டதற்கு, "வாத்துக்கும் தீனி வேணும்ல" என்று மட்டும் சொன்னாராம். இதெல்லாம் தம்பி மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. தம்பி என் போனை எடுப்பதில்லை.

ஜூலை 6, திங்கள்

நேற்று மறுநடவு. என்னைக் கூப்பிடவில்லை. இன்று விடியலில் வாளியோடு நானாகவே போனேன். அவன் கிழக்கு வரப்பிலிருந்து நத்தை பொறுக்கினான், நான் மேற்கிலிருந்து. முட்டைகளைச் சுரண்டித் தண்ணீருக்குள் தள்ளினேன், நனைந்தால் பொரிக்காது. அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஏழரைக்குக் கடை திறக்க வந்துவிட்டேன்.

ஜூலை 19, ஞாயிறு

வாளியில் பாதிதான் இன்று. பேச்சு இல்லை.

ஆகஸ்ட் 8, சனி

பயிர் முழங்காலுக்கு வந்துவிட்டது. இனி நத்தைக்கு அந்தத் தண்டு கடிபடாது என்கிறார்கள். நான் போகவேண்டிய அவசியம்கூட இல்லை, இருந்தாலும் போனேன். பாதி தூரம் போயிருப்பேன், எதிர் வரப்பிலிருந்து சத்தம்.

"யக்கா! அங்க வரப்பு உடைஞ்சிருக்கு, பார்த்துக் கால வை!"

அவன் என்னோடு பேசி நாற்பத்தெட்டு நாள். "சரிடா" என்றேன். அவனுக்குக் கேட்டதோ என்னவோ. இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.