சின்ன எழுத்துக்கும் அதே குரல்

பிப்ரவரி 9

எந்த வருடம் என்று முதலில் சொல்லிவிட வேண்டுமாம். எண்ணாகச் சொன்னால் என் மண்டையில் ஒட்டாது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் மேம்பாலம் திறந்து, திறந்த வாரமே ஒரு பக்கத்தை மூடிய வருடம். மொத்தச் சந்தையை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு, நான் தராசு பிடித்த இடத்தில் துணிக்கடை வந்த வருடம். என் பெரிய அக்கா இறந்துபோன வருடம். இவ்வளவு போதும். இதற்கு மேல் வேண்டுமென்றால் காலண்டரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு எழுத்து தெரியாது. கைபேசியில் ஒரு பொத்தானை அமுக்கிப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகள் உட்கார்ந்து ஒழுங்குபடுத்துகிறாள். "வீட்டுல எல்லார் காதும் புண்ணாயிடுச்சு மாமா, இனிமே இதுகிட்ட பேசுங்க" என்று கையில் கொடுத்தவளும் அவள்தான். தராசு என்று சொன்னால் இது அரசு என்று எழுதுகிறதாம். என் பிழைப்பை அரசு உத்தியோகம் ஆக்கிவிட்டது. ஓய்வூதியம் மட்டும்தான் பாக்கி.

பிப்ரவரி 12

மகன் இன்னொரு வித்தை சொல்லிக் கொடுத்தான். அச்சடித்த எதையும் படம் பிடித்தால் கைபேசி வாசித்துக் காட்டும். ஒரு பெண் குரல், துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி. தலைப்பு, பக்க எண், பக்கத்தில் இருக்கிற மெத்தை விளம்பரம் என்று எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசிக்கிறாள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வித்தியாசம் அவளுக்கும் இல்லை. எனக்கும் இல்லை.

பிப்ரவரி 15

சனிக்கிழமை. பேப்பர் வந்தான்.

பேப்பர் என்பது என் தம்பி. நாங்கள் ஏழு பேர். ஆறு பேர் வேலைக்குப் போய், கடைசிப் பையன் ஒருவனைப் பள்ளிக்கு அனுப்பினோம். எழுத்துக் கூட்டத் தெரிந்த நாள் முதல் வீட்டில் எல்லாருக்கும் செய்தி வாசிப்பவன் அவன்தான். அதனால் பேப்பர். மூன்று தெரு தள்ளி, மகளோடு இருக்கிறான். சனிக்கிழமை தவறாமல் மருத்துவ வார இதழைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, இதய டாக்டர் எழுதும் பக்கத்தை எனக்குப் படிப்பான். அந்த டாக்டர்தான் அவனுக்கும் வைத்தியம் பார்க்கிறவர். அவனுடைய இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது. ரத்தம் உறைந்து மூளைக்குப் போய் அடைத்துவிடாமல் இருக்க ஒரு மாத்திரை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இந்த வாரம் அந்த மாத்திரையைப் பற்றியே கட்டுரை. என்னமோ தன்னைப் பற்றி எழுதிவிட்டார்கள் என்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படித்தான்.

இதழை மறந்து வைத்துவிட்டுப் போனான். சும்மா இருக்கமாட்டாமல் படம் பிடித்தேன். அவன் படித்ததையே அவளும் வாசித்தாள். கடைசியில் அவன் படிக்காத ஒரு வரி: "கட்டுரையாளர், இம்மாத்திரையைத் தயாரிக்கும் நிறுவனத்திடமிருந்து ஆலோசனைக் கட்டணமும் பயணச் செலவும் பெற்றவர்." அடுத்த மூச்சில் மெத்தை விளம்பரம்.

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்கு என்ன சந்தோஷம் என்று நினைக்கிறாய்? டாக்டர் பணம் வாங்கியது இல்லை. காலமெல்லாம் எனக்குப் படித்துக் காட்டி மிதப்பாகத் திரிகிறவன் ஒரு வரியை விட்டுவிட்டான். எழுத்து தெரியாத நான் பிடித்துவிட்டேன்.

பிப்ரவரி 16

பொழுது விடிந்ததும் போய்ச் சொன்னேன். "ஏன்டா, படிக்கிறவன் கடைசி வரைக்கும் படிக்க மாட்டியா?" என்று ஆரம்பித்தேன். கண்ணாடி போட்டான், அது போதாமல் பூதக்கண்ணாடியை எடுத்தான். படித்தான். இதழை மடித்துப் பக்கத்தில் வைத்தான்.

"பெருசா போட வேண்டியதை எறும்பு சைஸுல போட்டிருக்காரு அண்ணே" என்றான்.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 20

தம்பி மகள் போன் செய்தாள். "பெரியப்பா, அப்பா மாத்திரையை நிறுத்திட்டாரு. நீங்க என்ன சொன்னீங்க?" நான் என்ன சொன்னேன்? இருந்ததைச் சொன்னேன்.

வீட்டில் விஷயத்தை வைத்தேன். வாங்கினேன் என்று தானாகச் சொல்கிறவன் யோக்கியன், இனிமேல்தான் அவரை நம்ப வேண்டும் என்கிறான் மகன். எல்லாரும்தான் வாங்குகிறார்கள், அந்த வரியெல்லாம் சிகரெட் பெட்டியில் போடும் எச்சரிக்கை மாதிரி, யார் பார்க்கிறார்கள் என்கிறாள் மருமகள். தம்பியோ மருந்தையே வேண்டாம் என்கிறான். ஒரே வரி. காதுக்கு ஒரு அர்த்தம். இதற்கா ஊரெல்லாம் பள்ளிக்கூடம் கட்டினார்கள்?

பிப்ரவரி 23

போய் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினேன். பொறுமை எனக்குப் பிறவியில் இல்லை, இரவல் வாங்கிக்கொண்டு போனேன்.

சந்தையில் எடைக்கூலியை விற்கிறவன்தான் கொடுப்பான். அது வாங்குகிறவனுக்கும் தெரியும். அதற்காகத் தராசு வேண்டாம் என்று யாரும் மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்து வாங்கவில்லை. என் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார்கள், அவ்வளவுதான். "கூலி யார் குடுக்கிறான்னு தெரிஞ்சா விரலைப் பாருடா, தராசைத் தூக்கி எறியாதே" என்றேன்.

"நீ விரல் வச்சதே இல்லையா?"

"பார்த்துக்கிட்டு நின்னவன்கிட்ட வச்சதில்லை."

மகள் சிரித்துவிட்டாள். அவன் மட்டும் சுவரைப் பார்த்தான். ஒவ்வொரு வாரமும் அவர் எழுதியதைச் சாமி வாக்கு மாதிரி வாசித்தேனே, அப்போதெல்லாம் வாங்கிக்கொண்டுதான் எழுதினாரா என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? அவனுக்கு மாத்திரைமேல் கோபமில்லை. ஏமாந்த வெட்கம். அதற்கு எந்தக் கடையில் மருந்து விற்கிறது?

மார்ச் 1

சனிக்கிழமை. வேறு ஒரு இதழோடு வந்தான். ஒரு வைத்தியர் எழுதுகிறாராம், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு படத்தில் இருக்கிறார். ரத்தத்தை இளக்க ஒரு மூலிகைப் பொடி, காலையில் வெந்நீரில். "கடைசி வரைக்கும் படிச்சேன் அண்ணே. கீழே ஒரு வரியும் இல்லை. சுத்தமான ஆளு" என்று டப்பாவை எடுத்து வைத்தான்.

டப்பாவின் மூடியில் அதே ஆள். அதே கன்னம், அதே கை.

எனக்கு எழுத்துதான் தெரியாது, மூஞ்சி தெரியும். "டேய், பொடியே இவனோடதுடா" என்றேன்.

"ஆமா, அவரே தயாரிக்கிறாரு. தன் பேர்ல விக்கிறவன் கெட்டதை விப்பானா?"

கடை முழுவதும் தன்னுடையது என்கிறவனை நம்புகிறான். அடுத்த கடைக்காரன் கையால் ஒரு தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்று ஒப்புக்கொண்டவனை நம்பமாட்டானாம். நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? சொல்லு. நீதான் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறாயே, இதற்கு ஒரு பதில் எழுது.

மார்ச் 6

நானே டாக்டரிடம் போனேன். காத்திருக்கிற அறையில் ஒரு மீன் தொட்டி, அதில் ஒரே ஒரு மீன், அதற்கும் என்னைப் போலவே சலிப்பு. உள்ளே போனதும் சுற்றி வளைக்காமல் கேட்டேன், காசு வாங்கினீர்களா என்று.

வாங்கினேன் என்றார். மாத்திரைக் கம்பெனி நடத்திய இரண்டு கூட்டத்தில் போய்ப் பேசினாராம், அதற்குக் கொடுத்தார்களாம். போன மாதம்தான் இதழ்க்காரர்கள் புதிதாக விதி போட்டுக் கேட்டார்கள், உள்ளதை எழுதிக் கொடுத்தாராம். அந்த வாரத்திலிருந்து வழக்கமாக வருகிறவர்களில் சில பேரைக் காணவில்லை. எழுதாமல் இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது என்று சலித்துக்கொண்டார். என்னிடமா சலித்துக்கொள்வது?

"மாத்திரை நல்லதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"நல்லதுன்னு நம்புறேன் பெரியவரே. நான் அப்படி நம்புறதுக்கு அந்தக் காசும் ஒரு காரணமான்னு கேட்டா, எனக்கே தெரியாது. அதுக்குத்தான் அந்த வரி."

இப்படி ஒரு பதிலுக்கா அந்த மீனோடு உட்கார்ந்திருந்தேன்? ஆனால் வெளியே வந்த பிறகும் அந்தப் பேச்சு காதை விட்டுப் போகவில்லை.

இன்னொன்றும் சொன்னார். பழைய மாத்திரை ஒன்று இருக்கிறது, அதே வேலையைச் செய்யும், அதைத் தயாரிக்கிறவர்களிடம் அவர் எதுவும் வாங்கியதில்லை. அடிக்கடி ரத்தம் கொடுத்துப் பார்த்து அளவை மாற்ற வேண்டும், அந்த அலைச்சலுக்காகத்தான் புதியதைக் கொடுத்தாராம். எது வேண்டுமானாலும் போடட்டும், ஒன்றுமில்லாமல் மட்டும் இருக்க வேண்டாம், உடனே வரச் சொல்லுங்கள் என்றார்.

மார்ச் 7

டாக்டர் சொன்னதைத் தம்பியிடம் சொன்னேன்.

"ரெண்டு இருக்குன்னு முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

நியாயமான கேள்வி. இத்தனை நாளில் அவன் கேட்ட ஒரே நியாயமான கேள்வி. "அதை அவர்கிட்டயே கேளுடா, சண்டை போடு, ஆனா வா" என்றேன். இன்றைக்கே கிளம்பு என்று சொல்ல வாயெடுத்தேன். திங்கட்கிழமை வருகிறேன் என்றான். சரி என்றுவிட்டேன். தலையாட்டினதே பெரிய விஷயம் என்று வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மார்ச் 9

ஞாயிறு காலை. முகம் மழித்துக்கொண்டிருந்த தம்பி கையிலிருந்து கத்தி விழுந்திருக்கிறது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். மருமகளே, இன்றைக்கு இதைத் திருத்தாதே, அப்படியே விடு— ஏன்டா, நான் என்னடா சொன்னேன், ஒரு வரியைத்தானேடா சொன்னேன், உன்னை ஒரு தடவை மட்டம் தட்டலாம்னுதானேடா சொன்னேன்—

மார்ச் 15

உயிர் தப்பிவிட்டான். வலது கை இன்னும் தூங்குகிறது. பேச்சு மெதுவாக வருகிறது. என்னைப் பார்த்து "அண்ணே" என்றான். அது மட்டும் குழறவில்லை.

மாத்திரையை நிறுத்தியதால்தான் வந்ததா என்று அங்கே இருந்த டாக்டரிடம் கேட்டேன். போட்டிருந்தால் வந்திருக்க வாய்ப்பு குறைவு, வந்தே இருக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது என்றார். இந்தப் படித்தவர்கள் யாராவது ஒரு கேள்விக்காவது ஆமாம், இல்லை என்று சொல்லித் தொலைக்கிறார்களா?

ஏப்ரல் 6

பொடி டப்பாவைத் தம்பி மகள் தூக்கி எறியப் போனாள். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அதில் ஆணிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். மூடியில் இன்னும் கன்னத்தில் கை வைத்தபடி இருக்கிறான் அந்த வைத்தியன். அவனுடைய பக்கம் வாரா வாரம் வருகிறதாம். கீழே இன்னும் ஒரு வரியும் இல்லையாம்.

ஏப்ரல் 26

சனிக்கிழமை. மகள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். இடது கக்கத்தில் பழையபடி அதே மருத்துவ இதழ்.

டாக்டர் சொன்ன அந்தப் பழைய மாத்திரைக்கு மாறிவிட்டான். ரத்தம் கொடுக்க நான்தான் கூடப் போகிறேன். அந்த வரிசையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் கைபேசி சூடாகிவிடும், வேண்டாம்.

இதழைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைகீழாகப் பிடித்திருக்கிறான் என்பதே சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது. கண்ணில் கோளாறு இல்லையாம். எழுத்து தெரிகிறது, சொல்லாகச் சேரவில்லையாம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். அதிலும் ஒரு ஆமாம், இல்லை கிடையாது.

வாங்கி நேராக வைத்துப் படம் பிடித்தேன். இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்டோம். உப்பைக் குறைப்பது பற்றி இதய டாக்டர் எழுதியிருக்கிறார். முடிந்ததும் அணைக்கப் போனேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கடைசி... வரைக்கும்."

ஓடவிட்டேன். "இக்கட்டுரை தொடர்பாகக் கட்டுரையாளர் எவரிடமிருந்தும் பணம் பெறவில்லை" என்றாள் அவள், அதே குரலில். பிறகு மெத்தை.

"நம்ப...லாமா?" என்றான்.

"விரலைப் பாருடா" என்றேன். வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தான்.

எங்கள் ஏழு பேரையும் வரிசையாகச் சொல்லி வைக்கச் சொல்கிறாள் மருமகள், பிற்காலத்துக்கு வேண்டுமாம். பெரிய அக்கா போனதைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேனே. அவளுக்கு முன்னால் சின்ன அக்கா, வெள்ளம் வந்து கிடங்கில் அரிசி முளைத்த வருடம். கட்டை என்று நாங்கள் கூப்பிட்டவன் போனது, இரும்புத் தராசுகளை எடுத்துவிட்டு மின்தராசு வைத்த வருடம். இரட்டையர் இரண்டு பேரும் ஒரே கோடையில். எங்கள் வீட்டைப் பற்றி, ஏழு பேரில் ஆறு தற்குறி, ஒருவனுக்கு எழுத்து தெரியும் என்று சொல்வார்கள். இப்போது என்னைக் கழித்துவிட்டால் உயிரோடு இருப்பது ஒரே ஆள். அவர் பெயரை என்னவென்று எழுத மாமா என்று கேட்கிறாள்.

பேப்பர் என்றே எழுது.